உயிரோடு இருப்பவர் எழுதிய கடிதம்

இருபத்திரண்டு வருடத்தில் சிஸ்டர் ஏழு பேரைக் கடைசிவரை பார்த்து வழியனுப்பியிருந்தாள். ஏழு பேரில் ஒருவரிடமிருந்தும் அவள் ஒரு வரி எழுதி வாங்கியதில்லை.

நர்ஸ் படிப்பெல்லாம் கிடையாது. ஆறு மாதப் பயிற்சி, புகைப்படம் ஒட்டிய ஒரு அட்டை, அவ்வளவுதான். படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீட்டிலேயே தங்கி, குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே சொந்தப் பெயர் போய் 'சிஸ்டர்' வந்துவிடும். எழுபது வயது அம்மாளும் சிஸ்டர் என்பாள், ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் சிஸ்டர் என்பார். "ஊருக்கெல்லாம் கூடப் பொறந்தவளா ஆயிட்டேன். சொத்துல பங்கு கேட்டா மட்டும் யாருக்கும் என்னைத் தெரியாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கடிதம் வாங்காமலிருந்தது தொழில் வழக்கம். பார்த்துக்கொள்கிற ஆள் உயிரோடு இருக்கும்போது அவரிடம் நற்சான்றுக் கடிதம் கேட்பதை இந்த வேலையில் இருக்கிற எந்தப் பெண்ணும் செய்ய மாட்டாள். கேட்டால் என்ன அர்த்தம்? நீங்கள் போன பிறகு எனக்கு வேறு வீடு வேண்டும், அதற்கு இப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றுதானே? படுக்கையில் இருப்பவரின் காதில் அது வேறெப்படியும் விழாது. சரி, போன பிறகு வீட்டாரிடம் கேட்கலாமே என்றால், அதற்கு நேரம் வாய்க்காது. மூன்றாம் நாள் வாடகைக் கட்டிலை எடுத்துப்போக ஆள் வருவான். அதே லிஃப்டில் சிஸ்டரும் பையோடு இறங்கிவிடுவாள். அழுது வீங்கிய முகங்களுக்கு நடுவே போய், என் வேலை எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

எட்டாவது ஆள் வேறு மாதிரி அமைந்தார். அவர் சாகவில்லை.

எண்பத்தொரு வயது. எடையளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் லிட்டர் அளவையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி, இல்லாவிட்டால் பறிமுதல் செய்து முப்பத்து நான்கு வருடம் கழித்த மனிதர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆப்பரேஷனும் ஆகி, இனி எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் சிஸ்டர் அந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்தாள். பதினாறு மாதத்தில் அவர் உட்கார்ந்தார், நின்றார், இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெளி வராந்தாவில் நாற்பது அடி நடக்கிறார். அடிகளை எண்ணுவதும் அவரேதான். அவள் எண்ணினால் நம்ப மாட்டார்.

வந்த புதிதில் ஒருநாள் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு குடுக்கச் சொல்லியிருக்காங்க?"

"இருநூறு மில்லி ஐயா."

"இது நூத்தி எண்பது."

"இருபது மில்லிதானே ஐயா. தாகம் எடுத்தா அப்புறம் தரேன்."

"இருபது மில்லிதானேன்னு ஒருத்தன் சொன்னான். பால்காரன். ஆறு மாசம் அவன் கடை பூட்டிக் கெடந்துச்சு."

அன்றைக்கே அவருடைய மருமகளிடம் நகப்பூச்சு வாங்கி டம்ளரில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். அதிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று. சிரித்துப் பேசிக்கொள்கிற ஒத்துப்போதல் அல்ல அது. இவள் ஒரு வேலையைச் செய்வாள், அவர் சரிபார்ப்பார், சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாத நாள் நல்ல நாள்.

அந்த ஃபிளாட்டின் சமையலறை ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிறுத்தம். சாயங்காலம் ஆறு மணிக்கு சூப் சூடாகிற நேரத்தில் சிஸ்டர் அங்கே நின்று பார்ப்பாள். பேருந்து வந்து நிற்கும். தோள்பையும் காய்கறிப் பையுமாகப் பெண்கள் இறங்குவார்கள். ஒருத்தி வார் அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு போவாள், ஒருத்தி ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டே போவாள். களைத்துக் கறுத்த முகங்கள்தான். ஆனாலும் அவர்கள் எல்லோரும் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். சிஸ்டர் கடைசியாக அப்படி வீட்டுக்குப் போனபோது அவளுக்கு வயது முப்பது. சூப் பொங்கும் வரைக்கும் அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள்.

அவளுக்கு ஒரே மகள், குட்டி. புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பம் என்று போனபோது குட்டிக்கு ஆறு வயது. முதலில் தன் தங்கையிடம் விட்டாள், பிறகு விடுதியில் சேர்த்தாள். ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டு வேலை தொடங்கும் இடைவெளியில் கிடைக்கும் ஐந்து நாள், ஆறு நாள்தான் தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தது. யாராவது போய்ச் சேர்ந்தால்தான் குட்டிக்கு அம்மா கிடைப்பாள். எட்டு வயதில் ஒருமுறை பையோடு வந்து நின்ற அம்மாவைப் பார்த்து, "அந்தத் தாத்தா செத்துட்டாராம்மா? அப்ப எத்தனை நாள் லீவு?" என்று குதித்துக்கொண்டே கேட்டாள். தங்கை அவள் வாயைப் பொத்தினாள். சிஸ்டர் மட்டும், "அஞ்சு நாள்" என்று பதில் சொன்னாள்.

இப்போது குட்டிக்கு இருபத்தெட்டு. நான்கு மணி நேர ரயில் தூரத்தில் வேறொரு நகரம், பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலை, ஒற்றை அறையில் வாசம். போன மாதம் அவளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. கூட வேலை பார்க்கிற பையன். அடுத்த வருடம் கல்யாணம். ஃபோனில் அதைச் சொன்னாள். பிறகு, "பதினோரு மாசம் இருக்கும்மா. அதுக்குள்ள நீயும் நானும் ஒரே வீட்டுல இருக்கணும். லீவுல வர்ற மாதிரி இல்ல. சும்மா, எல்லார் வீட்டுலயும் இருக்கற மாதிரி" என்றாள்.

அன்று முதல் சிஸ்டருக்கு அந்தப் பதினோரு மாதத்தைத் தவிர வேறு நினைப்பில்லை.

வேலையைக் கண்டுபிடித்ததும் குட்டிதான். அவள் அறையிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு முதியோர் இல்லம். வார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பகல் டியூட்டி மட்டும். சிஸ்டர் ஃபோன் போட்டாள். மேட்ரன் நன்றாகத்தான் பேசினார்.

"அனுபவம் இருக்கு, சந்தோஷம். நீங்க பார்த்துக்கிட்டவங்க யாராவது கடிதம் குடுத்திருக்காங்களா?"

"அவங்க யாரும் இப்ப இல்லீங்க மேடம்."

"வெளியூர் போயிட்டாங்களா?"

"செத்துட்டாங்க மேடம்."

"எல்லாருமா?"

"ஏழு பேரும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. "நான் ஒண்ணும் பண்ணல மேடம். எல்லாம் வயசானவங்க" என்றாள் அவசரமாக. மேட்ரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் பிடியை விடவில்லை. ஒரு வருடமாவது பக்கத்திலிருந்து வேலையைப் பார்த்தவர் ஒருவர் எழுதிய கடிதம் கட்டாயம் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வர வேண்டும், கடிதத்தோடு. அன்று புதன்கிழமை. ஒன்பது நாள் இருந்தது.

பழைய வீடுகளுக்கு ஃபோன் செய்து பார்த்தாள். நான்காவதாகப் பார்த்துக்கொண்ட அம்மாளின் மகள் ஃபோனிலேயே அழுது, கட்டாயம் எழுதி அனுப்புவதாகச் சொன்னாள், அதோடு சரி. ஆறாவது ஆளின் மகன், "எந்த சிஸ்டர்? எங்க வீட்டுக்கு நிறைய பேர் வந்தாங்களே" என்றான். அவனுடைய அப்பாவை மூன்று வருடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்த சிஸ்டர், "சரிங்க தம்பி, பரவாயில்ல" என்று ஃபோனை வைத்தாள்.

மிச்சம் இருந்தது இன்ஸ்பெக்டர்தான். சாகாதவர், கை நடுங்காதவர். வழக்கத்தை மீறிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். வியாழக்கிழமை காலை குளிப்பாட்டி முடித்து, நாற்காலியில் உட்காரவைத்து, கால் நகம் வெட்ட ஆரம்பித்தாள். நகம் வெட்டும்போது ஆட்கள் அசைய மாட்டார்கள். கேட்க அதுவே நல்ல நேரம்.

"ஐயா, ஒரு கடிதாசு வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். என் வேலை எப்படின்னு நீங்க எழுதித் தரணும். எம்பொண்ணு இருக்கற ஊர்ல ஒரு இல்லத்துல ஆள் கேக்கறாங்க."

இடது காலின் ஐந்து நகமும் முடியும் வரைக்கும் அவர் பேசவில்லை.

"நான் போகப் போறேனோன்னு பார்த்தேன். நீதான் போகப் போறியா?"

"ஆமா ஐயா."

"நான் உள்ளதை எழுதினா உன்னை எடுத்துக்குவாங்க. எடுத்துக்கிட்டா நீ போயிடுவ. என் கழுத்துக்கு நானே கத்தி வச்சுக்கணும்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்கு?"

"அப்ப பொய்யா எழுதிடுங்க. எடுத்துக்க மாட்டாங்க."

"பொய் எழுதிப் பழக்கம் இல்ல."

"அப்ப என்னதான் ஐயா செய்யறது?"

"எழுத மாட்டேன். காலை விடு."

வலது கால் நகத்தைத் தொடவே விடவில்லை. சாயங்காலம் வாக்கரைக் கொண்டுபோய் வைத்தபோது, "நடக்க முடியாது. ஒரு காலுக்கு நகம் வெட்டியிருக்கு, ஒரு காலுக்கு வெட்டல. பேலன்ஸ் இல்ல" என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. வெள்ளியும் நடக்கவில்லை, சனியும் நடக்கவில்லை. அந்த வயதில் மூன்று நாள் படுத்தால் மூன்று மாத உழைப்பு போய்விடும். அதைச் சொன்னால், "உனக்கென்ன, நீதான் போறவளாச்சே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருமகளுக்கு விஷயம் தெரிந்தது. அலுவலகம், வீடு என்று பறந்துகொண்டிருக்கிற பெண், ஆனால் நல்ல மனசு. புருஷன் மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பவன். அவளுக்கும் சிஸ்டர் போவது இடிதான். இருந்தாலும், "மாமா குணம் தெரிஞ்சதுதானே சிஸ்டர். நான் அடிச்சுத் தரேன்" என்று சனிக்கிழமையே கணினியில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். பார்க்க அழகாக இருந்தது. 'எங்கள் குடும்பத்தில் ஒருவராகவே வாழ்ந்தார். பாசத்தோடும் அர்ப்பணிப்போடும் கவனித்துக்கொண்டார்.' சிஸ்டர் இரண்டு முறை படித்தாள். தோட்டக்காரருக்கும் கொடுக்கலாம், வீட்டு நாய்க்கும் கொடுக்கலாம். ஆனாலும் கடிதம் கடிதம்தான். மடித்து மருந்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரை எடுக்கும்போது இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இது என்ன, கல்யாணப் பத்திரிகையா?"

"மேடம் எழுதிக் குடுத்தாங்க ஐயா."

"பாசத்தோடன்னு போட்டிருக்கா. எத்தனை கிராம்?"

சிஸ்டர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"எனக்கு வயிறு சுத்தமா போச்சா இல்லையான்னு ஒரு நாளாவது இவளுக்குத் தெரியுமா? பார்க்காத தராசுக்கு எப்படி முத்திரை குத்தலாம்?"

"மாமா, எனக்குக் காது கேக்குது" என்று பக்கத்து அறையிலிருந்து மருமகள் குரல் வந்தது.

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்!"

கடிதத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். சன்னலைப் பார்த்தபடி தாடையைத் தேய்த்தார். அவருடைய முப்பத்து நான்கு வருடப் பழக்கம் உள்ளே அவரைப் பிடுங்கித் தின்பது சிஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுவிடும்.

"நோட்டை எடுத்துட்டு வா."

"எந்த நோட்டு ஐயா?"

"எல்லா நோட்டும்."

ஐந்து நோட்டுகள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு என்ன மருந்து, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சிறுநீர், எத்தனை முறை புரட்டியது, எத்தனை அடி நடந்தது என்று கோடு போட்ட கட்டங்களில் எழுதிவைப்பது இந்த வேலையில் பாதி. டாக்டர் வந்தால் ஒரு பார்வை பார்ப்பார். மற்றபடி அதை யாரும் படிப்பதில்லை. இன்ஸ்பெக்டர் படித்தார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாள் படித்தார். கூடத்து மேசையில் நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பென்சில் வைத்து, மருந்துக் கடைச் சீட்டுகளோடும் டாக்டர் வந்த தேதிகளோடும் ஒத்துப்பார்த்தார். நடுநடுவே கூப்பிட்டு விசாரணை வேறு.

"மார்ச் ஒம்பது, பத்து மணி மாத்திரை பதினொன்னே கால்னு போட்டிருக்கு. ஏன்?"

"நீங்க துப்பிட்டீங்க ஐயா. திரும்பக் குடுத்தேன்."

"ம்."

படுக்கையறையிலிருந்து கூடத்து மேசைக்கு இருபது அடி இருக்கும். நாளைக்கு நான்கு முறை வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவராகவே போய் வந்தார். பேலன்ஸ் பற்றி இருவரும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வலது காலை அவராகவே நீட்டினார். சிஸ்டர் நகத்தை வெட்டிவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் ஐந்தாவது நோட்டோடு கூப்பிட்டார். முகம் அலுவலக முகமாக இருந்தது.

"போன மாசம் பதினேழாம் தேதி. சாயங்காலம் அஞ்சரை, வராந்தாவுல நாப்பது அடின்னு எழுதியிருக்க."

"ஆமா ஐயா."

"அன்னிக்கு நாலு மணியிலிருந்து வராந்தாவுக்குப் பெயின்ட் அடிச்சாங்க. கயிறு கட்டி மறிச்சிருந்தாங்க. நான் எப்படி நடந்தேன்? பறந்தேனா?"

சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்கால வரியை மத்தியானமே எழுதிவைப்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். ஒரு நாளைப் போலவே இன்னொரு நாள் போவதால் கை தானாக எழுதிவிடும். பிறகு ஏதாவது மாறினால் அடித்துத் திருத்துவார்கள். பதினேழாம் தேதி சாயங்காலம் அவள் திருத்தவில்லை. அன்றைக்குத்தான் குட்டி ஃபோன் செய்து கல்யாணம் பேசி முடிந்ததையும் பதினோரு மாதக் கணக்கையும் சொன்னாள். பிறகு நோட்டு ஞாபகமே இல்லை.

"மத்தியானமே எழுதிட்டேன் ஐயா. அடிக்க மறந்துட்டேன்."

"நடக்காததை நடந்ததா எழுதியிருக்க."

"ஆமா."

"இதை நான் எழுதத்தான் செய்வேன்."

அப்போதுதான் சிஸ்டருக்குக் கோபம் வந்தது. பதினாறு மாதத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "எத்தனை நாள் ஐயா, எத்தனை வரி! அதுல இந்த ஒண்ணுதான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா? எம்பொண்ணோட நான் இருக்கப்போறதே பதினோரு மாசம். அது இப்ப பத்தாயிடுச்சு. எழுதலேன்னா எழுதலேன்னு சொல்லிடுங்க, இப்படிக் கவுத்து விடாதீங்க!"

அவர் அசரவில்லை. "கத்தாத. எந்தத் தராசும் முழுக்கச் சரியா இருக்காது. ஒவ்வொரு தராசுக்கும் இவ்வளவு வரைக்கும் பிசகலாம்னு சட்டமே ஒரு எல்லை குடுத்திருக்கு. அதுக்குள்ள இருந்தா முத்திரை குத்துவோம். ஆனா பிசகு எவ்வளவுன்னு எழுதாம குத்தக் கூடாது. போ, பேனா எடுத்துட்டு வா. கறுப்பு மை."

வியாழக்கிழமை முழுவதும் எழுதினார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. எழுதி முடித்து உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரித்தால் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மருமகள் விடுப்புப் போட்டாள். சிஸ்டர் விடியற்காலை ரயிலைப் பிடித்தாள். மடியில் பை, பைக்குள் இரண்டு கடிதம். ஒன்றில் பாசம், அர்ப்பணிப்பு, குடும்பத்தில் ஒருவர். இன்னொன்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது, பதினேழாம் தேதி இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். எதைக் கொடுப்பது என்று நான்கு மணி நேரமும் யோசித்தாள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு முடிவு எடுத்தாள்.

மேட்ரன் அறை சின்னது. மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் டியூட்டி அட்டவணை. கதவுக்கு வெளியே யாரோ ஒரு பாட்டி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். மேட்ரன் கையை நீட்டியதும் சிஸ்டரின் கை தானாகப் போய் மருமகள் அடித்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தது.

மேட்ரன் ஒரு நொடி பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். "நல்லா இருக்கு. இந்த மாதிரி எனக்கு வாரத்துக்குப் பத்து வருது. வேற இருக்கா?"

சிஸ்டர் பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உறையை எடுத்து வைத்தாள்.

நான்கு பக்கம். மேட்ரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்தில் புருவம் ஏறியது. இரண்டாவது பக்கத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டார். மூன்றாவது பக்கத்தில் நிமிர்ந்தார்.

"பதினேழாம் தேதி சாயங்கால வரியை மத்தியானமே எழுதிட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"என் வார்டுல பதினாலு பேர் வேலை பார்க்கறாங்க. பதினாலு பேரும் இதைத்தான் பண்றாங்க. இதுவரைக்கும் ஒருத்தி வாயால ஆமான்னு வந்ததில்ல." மேட்ரன் மறுபடி தாளுக்குப் போனார். "இதை எழுதினவர் யாரு? ஜட்ஜா?"

"தராசு இன்ஸ்பெக்டர் மேடம்."

"இதெல்லாம் நீங்க படிச்சீங்களா?"

"இல்ல மேடம். ஒட்டித்தான் குடுத்தார்."

மேட்ரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை அவளுக்கே வாசித்துக் காட்டினார்.

'குறிப்பேடுகள் ஐந்தையும் முழுமையாகப் பரிசோதித்தேன். மொத்தப் பதிவுகள் நான்காயிரத்து முந்நூற்று அறுபத்தெட்டு. உண்மைக்கு மாறான பதிவு ஒன்று. இக்காலத்தில் எனக்குப் படுக்கைப் புண் ஒருமுறையும் ஏற்படவில்லை. இவர் என்னைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே தொட்டார். நான் கடுஞ்சொல் சொன்ன நாட்களை என் நினைவிலிருந்து பட்டியலிட்டு, அந்நாட்களின் பதிவுகளைத் தனியே பார்த்தேன். அந்நாட்களிலும் தண்ணீரின் அளவு குறையவில்லை. இவரை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அது இக்கடிதத்தின் வரம்புக்குள் வராது. ஆயினும் மறைப்பது முறையாகாது என்பதால் பதிவு செய்கிறேன்.'

வெளியே பாட்டு நின்றிருந்தது. சிஸ்டர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று.

"ஒண்ணாம் தேதி சேர முடியுமா? அவருக்கு வேற ஆள் பார்த்துக் குடுத்துட்டு வாங்க. காலைல எட்டுக்கு வந்தா சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் டியூட்டி."

"அஞ்சரைக்கு அப்புறம் மேடம்?"

"அப்புறம் என்ன? வீட்டுக்குப் போங்க."

சிஸ்டருக்கு அது காதில் தெளிவாக விழுந்தது. இருந்தாலும், "எங்க போகணும் மேடம்?" என்று இன்னொரு முறை கேட்டாள்.

"வீட்டுக்குங்க. உங்க வீட்டுக்கு."

திரும்பிப் போக ரயில் ஏழு இருபதுக்கு. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அதுவரை இன்ஸ்பெக்டருக்குச் செய்ய வேண்டியது நிறைய. குட்டி வேலை முடிந்து வர ஆறு மணியாகும். கீழ்வீட்டு அம்மாளிடம் சாவி வாங்கிக்கொண்டு சிஸ்டர் மாடி ஏறினாள்.

மகள் இருக்கும் அறையை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. ஒற்றைக் கட்டில். ஒரு அலமாரி. கதவுக்குப் பின்னால் ஆணியில் இரண்டு தோள்பை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. துண்டை நான்காக மடித்துப் போடும் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? தங்கையும் அப்படி மடிப்பதில்லை, சிஸ்டரும் மடிப்பதில்லை. விடுதியில் கற்றிருப்பாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், எதையும் இடம் மாற்றவில்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் படுக்க இடம் போதுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. கண்ணால் அளந்தால் சரிவராது. பாயை விரித்துப் படுத்தே பார்த்தாள். கால் நீட்டினால் அலமாரி இடித்தது. கொஞ்சம் மேலே நகர்ந்தாள். சரியாக இருந்தது.

கண் விழித்தபோது சன்னல் வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. குட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையில் பெயர் அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

சிஸ்டர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "மணி என்ன? எப்ப வந்த?"

"நாலு மணிக்கே பர்மிஷன் போட்டுட்டு வந்துட்டேன். இப்ப அஞ்சே முக்கால்."

"ஒன்னே முக்கால் மணி நேரமா இப்படியே உக்காந்திருக்கியா? எழுப்பறதுக்கென்ன? டீயாவது போட்டுக் குடிச்சிருக்கலாம்ல?"

"நீ தூங்கி நான் பார்த்ததே இல்லம்மா" என்றாள் குட்டி.

சிஸ்டருக்கு அது பொய்யாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தாள். குட்டியோடு இருந்த அந்த ஐந்து நாள், ஆறு நாட்களில் அவள் தூங்கும்போது குட்டி தூங்கிக்கொண்டிருப்பாள், குட்டி எழும்போது இவள் எழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். மெய்தான்.

"வாயைப் பொளந்துகிட்டுத் தூங்கினேனா?"

"லேசா. கையை இப்படி வச்சுக்கிட்ட. யாரையோ புடிச்சுத் தூக்கற மாதிரி."

"அது கெடக்குது."

"என்ன சொன்னாங்கம்மா?"

"ஒண்ணாம் தேதி."

குட்டி அம்மாவின் முழங்காலில் கையை வைத்து ஒருமுறை அழுத்தினாள். அப்புறம் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கு. ஸ்டேஷன் பக்கம்தான். இன்னும் கொஞ்ச நேரம் படு, நான் எழுப்பறேன்."

"தூக்கம் போயிடுச்சு."

"சும்மா படும்மா."

சிஸ்டர் படுத்தாள். தூக்கம் வரவில்லை, வராது என்று தெரியும். கீழே தெருவில் பேருந்து வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. மகள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தாள்.